என் டிராயரில் ஐந்து போன்

ஆகஸ்ட் 4, திங்கள்

பொன்னிலங்குளம் நகராட்சிக்கு இன்று மாப்பிள்ளை வந்தார். பெயர் ஈஆர்பி. குடிநீர், சொத்துவரி, சம்பளம், டெண்டர், மனு, கட்டடம் என்று எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் அடக்கி, இனிமேல் தாளே இல்லாமல் ஆபீஸ் நடத்தப் போகிறார்களாம். அதன் சர்வருக்காகப் பழைய ரெக்கார்டு ரூமைக் காலி செய்து ஏ.சி. மாட்டியிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பத்தொன்பது வருஷமாக நான் உட்காரும் இடத்துக்கு மேலே ஒரு மின்விசிறி ஆடிக்கொண்டு இருக்கிறது. அதற்கு எண்ணெய் போட ஆள் கிடையாது.

மேலாளர் சுடலைமுத்து சார்தான் பெயர் வைத்தார். "புது மாப்ள வந்திருக்காவ. யாரும் சத்தம் போடாதீய. கோவிச்சுக்கிட்டுப் போயிரப் போறாவ."

கம்பெனியிலிருந்து ரித்விக் என்று ஒரு பையன் வந்து பயிற்சி கொடுத்தான். பயிற்சிக்கு மொத்த ஆபீஸும் கையெழுத்துப் போட்டது. பத்தரைக்கு ஆணையருக்கு மீட்டிங், பதினொன்றுக்குப் பொறியாளருக்கு சைட், அதற்கப்புறம் கணக்கருக்குத் தலைவலி. பிரியாணி வந்தபோது மட்டும் எல்லாரும் திரும்பி வந்தார்கள். கடைசிவரை உட்கார்ந்து கேட்டது நான்தான்.

சி பிரிவு உதவியாளர் செண்பகவல்லி ஆகிய நான் இனிமேல் 'தயாரிப்பவர்'. நான் தயாரிக்கும் ஒவ்வொன்றையும் இளநிலைப் பொறியாளர், பொறியாளர், கணக்கர், மேலாளர், ஆணையர் என்று ஐந்து பேர் வரிசையாகப் பார்த்து ஒப்புதல் அழுத்த வேண்டும். அழுத்தும்போது அவரவர் போனுக்கு ஓ.டி.பி. வரும். "அஞ்சு பூட்டு, அஞ்சு சாவி மேடம். தப்பே நடக்காது" என்றான் ரித்விக்.

நல்ல பையன். வேட்டி கட்டிய கவுன்சிலர் யாரைப் பார்த்தாலும் எழுந்து நிற்கிறான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. மாவிளக்கு போட நேரமில்லை. மகள் தாரணிக்கு ரெக்கார்டு நோட்டு வாங்க மறந்துவிட்டேன், காலையிலேயே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

பொறியாளர் எட்வின்ராஜ் சார் மூன்று தடவை தப்பாகக் கடவுச்சொல் அடித்தார். மாப்பிள்ளை அவரைப் பூட்டிவிட்டார். சார் எழுந்து வந்து என் மேசையில் ஒரு பட்டன் போனை வைத்தார். ஓ.டி.பி. வருவதற்கென்று ஆபீஸில் கொடுத்த சிம் அதில் இருக்கிறது.

"செண்பகம், இது உன்கிட்டயே கெடக்கட்டும். பாஸ்வேர்டும் நீயே என்னத்தையாவது வச்சுக்கோ. எனக்குப் பார்க்கிற வேலையே தலைக்கு மேல கெடக்கு."

தாரணி பெயரையும் அவள் பிறந்த வருஷத்தையும் வைத்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஐந்து போனும் என் டிராயருக்கு வந்துவிட்டன. ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கிறேன். கடைசியாக வந்தது ஆணையர் நந்தகோபன் சாருடையது. அவர் தன் கையால் கொடுக்கவில்லை, டவாலியிடம் கொடுத்து அனுப்பினார். கூடவே ஒரு சார்ஜரும் வந்தது. ஐந்து பேருக்கும் ஒரே கடவுச்சொல்தான். நகராட்சியே என் மகள் பெயரில் ஓடுகிறது.

யார் எதைக் கேட்டாலும் இப்போது "செண்பகத்துக்கிட்ட கேளு"தான். ஆணையர் மாடியிலிருந்து இறங்கி என் மேசைக்கே வருகிறார். "நீங்க இல்லாட்டி இந்த ஆபீஸ் நடக்காதும்மா, ஜனவரி புரமோஷன் பேனல்ல உங்க பேரு இருக்கும்" என்றார். கண்காணிப்பாளர் பதவிக்கு ஏழு வருஷமாகக் காத்திருக்கிறேன். இந்த வார்த்தையை இதுவரை எந்த ஆணையரும் வாயால் சொன்னதில்லை. வரும் வழியில் வீட்டில் இவருக்கும் பிள்ளைக்கும் அல்வா வாங்கிக்கொண்டு வந்தேன். நன்றாயிருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

ரித்விக் மட்டும் டிராயரைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "மேடம், யார் எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து அழுத்தினாங்கன்னு சிஸ்டம் எழுதி வச்சுக்கும்."

"எழுதி வைக்கட்டும் தம்பி. நான் என்ன ஒளிச்சா அழுத்துதேன்? நடு ஹால்ல வச்சுத்தான அழுத்துதேன்" என்றேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

முப்பிடாதி அக்கா ஆபீஸுக்கு வந்திருந்தாள். எங்கள் தெருக்காரி, நகராட்சி நடுநிலைப் பள்ளியில் சத்துணவு சமைப்பவள். பள்ளிக்கூட மதில் சமையல்கூடத்தின் பக்கமாகச் சாய்கிறதாம்.

"ஏளா செம்பகம், போன வருசம் விரல் போற மாதிரி வெடிச்சிருந்துது. இப்பம் கையே போகுது. அதுக்கு அடியிலதான் நான் அடுப்பு மூட்டுதேன், பிள்ளைய கை கழுவுது. யாரையாவது வந்து பாக்கச் சொல்லு."

மனுவை நானே கணினியில் ஏற்றி, அவள் போன் நம்பரையும் போட்டேன். உடனே அவளுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். போயிற்று. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "ஆத்தி, இம்புட்டுச் சீக்கிரமா!" என்றாள். எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. முறைப்படி அது பொறியாளருடைய பக்கத்துக்குப் போயிற்று. பொறியாளருடைய பக்கத்தைத் திறப்பதும் நான்தான். எட்வின்ராஜ் சாரிடம் வாயாலும் சொன்னேன். பார்க்கிறேன் என்றார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மண்டலத்திலேயே முதலாவதாக முழுக்க ஈஆர்பிக்கு மாறும் நகராட்சிக்கு விருதாம். அதற்கு இரண்டு நிபந்தனை. ஒரு மனுகூட நிலுவையில் இருக்கக் கூடாது. நகராட்சிக்குச் சொந்தமான ஒவ்வொரு கட்டடத்துக்கும், மதிலுக்கும், தொட்டிக்கும் எதிரே 'நன்று', 'பழுது', 'ஆபத்து' என்ற மூன்றில் ஒன்றைப் பொறியாளர் போட்டிருக்க வேண்டும். ஒன்று காலியாக இருந்தாலும் மாப்பிள்ளை பச்சை விளக்குக் காட்ட மாட்டார். நாளைக்குள் முடிக்க வேண்டும்.

"எல்லாத்தையும் போய்ப் பார்க்கணும்னா ஒரு வருசம் ஆகும் செண்பகம்" என்றார் எட்வின்ராஜ் சார். "'பழுது'ன்னு போட்டா ஏன் சரி பண்ணலைன்னு கேப்பான். எல்லாத்துக்கும் 'நன்று' போட்டுரு. விருது முடியட்டும், பொறவு நிதானமாப் பார்த்து மாத்திக்கலாம்." சொல்லிவிட்டு மகள் நிச்சயதார்த்தத்துக்கு லீவு போட்டுவிட்டு நாகர்கோவில் போய்விட்டார்.

ஆகஸ்ட் 30, சனி

விடுமுறை நாளென்றாலும் போனேன். கட்டடங்களுக்கெல்லாம் 'நன்று' போட்டேன். பேருந்து நிலையக் கழிப்பறை, நன்று. மேல்நிலைத் தொட்டி, நன்று. மீன் மார்க்கெட், நன்று. பள்ளி மதில் வந்தபோது டீ வந்தது. டீயைக் குடித்துவிட்டு அதையும் போட்டேன்.

மனுக்களை 'கள ஆய்வு செய்யப்பட்டு நடவடிக்கை முடிக்கப்பட்டது' என்று மூடினேன். ஒவ்வொன்றாக மூட வேண்டியதில்லை, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தில் மூடலாம். ரித்விக்தான் சொல்லிக் கொடுத்தான். ஐந்து போனும் சேர்ந்து கத்தியதில் டவாலி ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

திரை பச்சையாகிவிட்டது. ஆணையர் போனில் கூப்பிட்டு, "சாதிச்சுட்டீங்கம்மா" என்றார். ரேஷன் கடைக்குப் போக வேண்டும் என்று நினைத்திருந்தேன், மூடிவிட்டார்கள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

முப்பிடாதி அக்கா கையில் போனோடு வந்தாள். எனக்கு முன்னால் நீட்டினாள்.

"மதிலு வேல முடிஞ்சிட்டுன்னு வந்திருக்குன்னு எம்மவன் வாசிச்சான். நான் காலையில பாத்தேன். அது அப்படியேதான் சாஞ்சுக்கிட்டு நிக்கு."

"அது கம்ப்யூட்டர் அனுப்புனது அக்கா."

"கம்ப்யூட்டர் வந்து பாத்துச்சா?"

ஹாலில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எல்லாம் நடக்கும், போங்கக்கா. ஆயிரம் வேலை கிடக்கு" என்றேன். அவள் போகும்போது, தாரணிக்கென்று சுண்டல் கொண்டு வந்திருந்த பாத்திரத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் போனபிறகு அந்த மனுவைத் திரும்பத் திறக்கப் பார்த்தேன். திறந்தால் நிலுவை ஒன்று என்று காட்டும். விருதுக் குழு வரும் வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறது. ஆணையரிடம் கேட்டேன். "பதினைஞ்சு நாள் பொறுங்கம்மா, சுவர் எங்க போயிடப் போகுது" என்றார். மழைக்காலத்துக்கும் இன்னும் நாள் இருக்கிறது. எழுதி வைத்திருக்கிறேன், மறக்க மாட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

விருது கிடைத்துவிட்டது. மேடையில் ஆணையர், பொறியாளர், மேலாளர், கணக்கர் நான்கு பேரும் நின்றார்கள். நாளிதழில் படம் வந்திருக்கிறது. நான் மேடைக்குக் கீழே எல்லாருடைய கைப்பைக்கும் காவல் இருந்தேன். பரிசுக் கோப்பையை ஏ.சி. அறையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். சுடலைமுத்து சார் மட்டும், "தாயி, இதுல பாதி உனக்கு" என்றார். கோப்பையைப் பாதியாக எப்படி வெட்டுவது என்று கேட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

தாரணிக்குக் காய்ச்சல். தீபாவளி முன்பணப் பட்டியல், தெருவிளக்கு டெண்டர், குப்பை வண்டி டீசல். எல்லாம் நானே தயாரித்து, நானே ஐந்து பேராகவும் பார்த்து, நானே அனுப்பினேன். மதில் மனுவை அடுத்த வாரம் திறக்க வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை தொடங்கிவிட்டது. ஆபீஸில் எல்லாருக்கும் ஸ்வீட் பாக்ஸ். ஏ.சி. அறையில் ஒழுகுகிறது என்று உடனே ஆள் வந்து தார்ப்பாய் போட்டார்கள்.

அக்டோபர் 23, வியாழன்

பள்ளி மதில் விழுந்துவிட்டது. முப்பிடாதி அக்கா அடியில்.

அக்டோபர் 24, வெள்ளி

உயிர் இருக்கிறது. இடது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

பிள்ளைகள் சாப்பிட வருவதற்கு முன்னாலேயே விழுந்ததாம். அதைத்தான் எல்லாரும் பெரிதாகச் சொல்கிறார்கள். ஆணையர் பத்திரிகைக்காரர்களிடம், "நல்லவேளையாக மாணவர்களுக்கு ஒன்றுமில்லை" என்றார். நல்ல வேளையாம். அவள் சாதம் வடித்துக்கொண்டிருந்தாளாம். மதிலில் பாதிதான் விழுந்திருக்கிறது. மீதிப் பாதி குழாயடிப் பக்கம் சாய்ந்துகொண்டு நிற்கிறது.

சுண்டல் கொண்டு வந்த பாத்திரம் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

அக்டோபர் 25, சனி

எழுத ஒன்றுமில்லை. மாவு புளித்துவிட்டது, கொட்டினேன்.

அக்டோபர் 27, திங்கள்

காலையில் நான் போவதற்குள் எட்வின்ராஜ் சார் என் டிராயரைத் திறந்து தன் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதியத்துக்குள் ஐந்தும் போய்விட்டன. யாரும் என்னிடம் கேட்கவில்லை. பிளாஸ்திரியை உரித்து டிராயரிலேயே போட்டிருந்தார்கள்.

மீதி மதிலை இடிக்க இளநிலைப் பொறியாளர் வாய்மொழியாகச் சொன்னார், நான் கோப்பைத் தயாரித்து ஏற்றினேன். அது முதல் பூட்டிலேயே நிற்கிறது. "இனிமே நான் ஒண்ணுலயும் கை வைக்க மாட்டேன்" என்கிறார் அவர். பொறியாளர், "விசாரணை முடியட்டும், அது சாட்சியம்" என்கிறார். குழாயடிக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தக் கயிற்றை வைத்து ஸ்கிப்பிங் ஆடுகிறார்கள்.

நவம்பர் 3, திங்கள்

ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. சம்பளப் பட்டியல் நின்றுபோயிற்று. ஒருத்தருக்கும் உள்ளே போகத் தெரியவில்லை. முதலில் கணக்கர் வந்தார், போனை என் மேசையில் வைத்தார். அப்புறம் மேலாளர். மாலைக்குள் ஐந்தும் பழையபடி டிராயருக்குள் வந்துவிட்டன. சம்பளத்தை முடித்துக்கொடுத்தேன். இடிப்புக் கோப்பையும் அனுப்பட்டுமா என்று ஆணையரிடம் கேட்டேன். "அதைத் தொடாதீங்க" என்றார்.

நவம்பர் 6, வியாழன்

மண்டல அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, குரல் உயராத மனிதர். கையில் ரித்விக்கின் கம்பெனி கொடுத்த பட்டியல்.

"மதில் 'நன்று'ன்னு ஆகஸ்ட் முப்பதாம் தேதி பொறியாளர் லாகின்ல பதிவாகியிருக்கு. மனு மூடினதும் அப்பத்தான். எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்ல இருந்து. அது சி பிரிவு."

எட்வின்ராஜ் சார் முந்திக்கொண்டார். "சார், அன்னைக்கு நான் நாகர்கோவில்ல இருந்தேன். லீவு லெட்டர் இருக்கு. போன் ஆபீஸ்ல மறந்து வச்சுட்டுப் போயிட்டேன்."

"எல்லாரும் மறந்தீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

எல்லாரும் மறந்திருந்தார்கள். ஒருத்தர் விடாமல். நான் சுடலைமுத்து சாரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'தாயி' என்று வாய் நிறையக் கூப்பிடுகிற மனுஷன்.

நானும் சொன்னேன். அவர்களே கொடுத்தது, அவர்கள் சொல்லித்தான் செய்தது, ஹாலில் எல்லார் முன்னாலும் நடந்தது என்று. எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். தாளே இல்லாத ஆபீஸில் எழுத்துக்கு எங்கே போவது?

சாயங்காலம் சுடலைமுத்து சார் சைக்கிள் ஸ்டாண்டில் காத்திருந்தார். "ரிட்டயர்டு ஆவப் போறேன். இப்பம் வாயத் திறந்தா என் பென்சன்ல கைய வச்சிருவாவ. மன்னிச்சிரு தாயி" என்றார். அழுதார். எனக்கு அவர் அழுததில் எரிச்சல்தான் வந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

முப்பிடாதி அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். இத்தனை நாள் போகாததற்கு வேலை என்று சொல்லிக்கொண்டேன். பாத்திரத்தைத் தேய்த்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அங்கே பார்க்கக் கூடாது என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மிச்ச மதிலு நிக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"நிக்கு அக்கா."

"அந்தப் பக்கந்தான பிள்ளைய கை கழுவும்."

"கயிறு கட்டியிருக்காவ."

அவள் என்னையே பார்த்தாள். "எனக்கு வந்த மெசேஜு, வேல முடிஞ்சிட்டுன்னு, அத அனுப்புனது யாருளா? நீயா?"

நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். நிறைய விதை. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள், ஆனால் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்தபின் பார்த்தால் பாத்திரம் என் பையிலேயே இருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். பள்ளிக்கூடத்தில் ஆணையர் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார். மதில் பக்கம் தெரியாமல் சாமியானாத் துணியைக் கட்டி மறைத்திருந்தார்கள்.

நவம்பர் 19, புதன்

எதிர்பார்த்ததுதான். ஆணையர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"உங்களைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யச் சொல்லி மேல இருந்து வந்துடுச்சும்மா. ஆறு மாசம் பொறுத்துக்கோங்க, நானே திரும்ப எடுத்துடறேன். பிழைப்பூதியம்னு பாதிச் சம்பளம் வரும். நான் இருக்கேன்ல."

 அவர் பேனாவை மூடித் திறந்துகொண்டே இருந்தார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"ஆர்டர் ஈஆர்பில தான் போடணுமாம். தாள்ல போட்டா செல்லாதாம். இங்க யாருக்கும் அந்தப் பக்கமே தெரியல... நீங்களே கொஞ்சம் ரெடி பண்ணிடுங்க. நாளைக்கு மதியத்துக்குள்ள போகணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்சம் சிரித்தார்.

நவம்பர் 20, வியாழன்

காலையில் குளித்து, விருது விழாவுக்குக் கட்டிய புடவையைக் கட்டிக்கொண்டு போனேன்.

பணியாளர் பெயர்: செண்பகவல்லி. பதவி: உதவியாளர். நடவடிக்கை: தற்காலிகப் பணிநீக்கம். காரணம் என்ற இடத்தில் நாலைந்து காரணம் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. 'அதிகாரமின்றிச் செயல்படுதல்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இன்னும் அனுப்பவில்லை. ஊழியர் நடவடிக்கைக்கு இரண்டு பூட்டுதான் என்பதால், இது மேலாளருக்கும் ஆணையருக்கும் மட்டும் போய் அவர்கள் அழுத்திய அடுத்த கணமே என் பெயர் பூட்டப்பட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். அப்புறம் நான் எதையும் திறக்க முடியாது.

அதை அப்படியே நிறுத்திவிட்டு, இடிப்புக் கோப்பைத் திறந்தேன். டிராயரிலிருந்து ஐந்து போனையும் எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தேன். பிளாஸ்திரி இல்லாவிட்டாலும் எது யாருடையது என்று தெரியும். இளநிலைப் பொறியாளராக உள்ளே போனேன். போன் கத்தியது, எண்ணை அடித்தேன், ஒப்புதல். பொறியாளராகப் போனேன். கணக்கராக. மேலாளராக. ஒவ்வொரு தடவையும் தாரணி பெயரை அடித்தேன். ஹாலில் எல்லாருக்கும் சத்தம் கேட்டது. நான் என்னுடைய ஆர்டரைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் ஆணையராகப் போனேன். அழுத்தினேன். கோப்பில் பெயர் இருந்த ஒப்பந்ததாரருக்கு வேலை உத்தரவு தானாகவே போய்விட்டது.

பிறகு என் ஆர்டருக்குத் திரும்பினேன். மேலாளர், ஒப்புதல். ஆணையர், ஒப்புதல். 'உறுதியாகச் செய்யலாமா?' என்று கேட்டது. இந்த ஆபீஸில் இதுவரை என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. 'ஆம்' கொடுத்தேன். திரை வெள்ளையாகி, 'தங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது' என்று வந்தது.

போன்களைக் கொண்டுபோய் அவரவர் மேசையில் வைத்தேன். எட்வின்ராஜ் சார், "முடிஞ்சுதா செண்பகம்?" என்று கேட்டார்.

"எல்லாம் முடிஞ்சிட்டு சார்" என்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

பள்ளிக்கூடம் திறக்கும் முன்னாலேயே ஜே.சி.பி. வந்து மீதி மதிலை இடித்துவிட்டதாம். முப்பிடாதி அக்காவின் மகன் வந்து சொன்னான். ஒப்பந்ததாரர், "போன்ல உத்தரவு வந்துச்சு, வந்து இடிச்சேன். இம்புட்டு வேகமா இந்த நகராட்சியில ஒரு ஆர்டரும் வந்ததில்ல" என்றாராம். மாப்பிள்ளை வந்த நாளிலிருந்து உருப்படியாகச் செய்த ஒரே வேலை இதுதான்.

பாத்திரத்தை அவனிடம் கொடுத்து அனுப்பினேன். காலியாகக் கொடுக்கக் கூடாது என்று கொஞ்சம் அரிசி போட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

பி பிரிவு வடிவு போன் செய்தாள். "அக்கா, ஆணையர் பாஸ்வேர்டு என்னக்கா? தெருவிளக்கு பில்லு நிக்கு. கேட்டுச் சொல்லச் சொன்னாவ."

சொன்னேன். மாற்றிக்கொள்ளவும் சொன்னேன். இனிமேல் என் பிள்ளை பெயரை யாரும் அங்கே அடிக்க வேண்டாம்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். மழையில் ஒரு விளக்கும் நிற்கவில்லை. டவாலி வந்து குற்றச்சாட்டுக் குறிப்பாணையைக் கொடுத்துவிட்டுப் போனார். ஈஆர்பி வந்த பிறகு தாளில் வந்த முதல் கடிதம், என் கணக்கு முடக்கப்பட்டிருப்பதால் வேறு வழியில்லையாம்.

இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, அதிகாரிகளின் அனுமதியின்றி அவர்களது கணக்கைப் பயன்படுத்தி, பழுதுள்ள மதிலை 'நன்று' என்று பதிவிட்டு, மனுவையும் மூடியது. இரண்டு, அதே வழியில், விசாரணையில் இருந்த நகராட்சிச் சொத்தை இடிக்க உத்தரவிட்டது. பதினைந்து நாளுக்குள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் தர வேண்டும்.

வீட்டில் இவர் வக்கீலைப் பார்க்கலாம் என்கிறார். தாரணி, "ரெண்டுக்கும் இல்லைன்னு எழுதும்மா, அவங்கதானே கொடுத்தாங்க" என்கிறாள்.

டிசம்பர் 5, வெள்ளி

முதலில் இரண்டாவதற்கு எழுதினேன். 'ஆம். யாரும் சொல்லவில்லை. நானே செய்தேன்.' எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

முதலாவதற்கு 'இல்லை' என்று எழுத எனக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. போனைக் கொடுத்தது அவர்கள். போடச் சொன்னது அவர்கள். பொறுக்கச் சொன்னது அவர்கள். ஐந்து பேரும் பொய் சொல்கிறார்கள், ஒருவர்கூட மிச்சமில்லை. அத்தனையும் சத்தியம்.

ஆனால் முப்பிடாதி அக்கா வந்து சொன்னது என்னிடம்தான். அந்தத் தாளை வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். உலை கொதித்து அடங்கிவிட்டது. இன்னும் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை.